ஹெராத் நகரத்து மகளிர்

ஆப்கானிஸ்தானத்தின் மேற்குக் கோடியில், ஈரான் எல்லைக்குச் சற்றுக் கிழக்கே, ஹரி ரூத் என்னும் ஆற்றின் வடபுறச் சமவெளியில் அமைந்திருக்கிறது ஹெராத் மாநகரம். காபூலிலிருந்து விமானத்தில் செல்பவர், புல் பூண்டற்ற பழுப்பு நிற மலைகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு செல்ல வேண்டும். கண்ணுக்கு அலுப்புத் தட்டும் வேளையில், யாரோ பச்சைச் சால்வையொன்றை மடித்து வைத்தாற்போல ஆற்றங்கரைத் தோட்டங்கள் தென்படும். அதுதான் ஹெராத். கோடையில் நான்கு மாதங்கள் ஓயாமல் வீசும் காற்றை அவ்வூரார் ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே அழைக்கின்றனர். மற்றப்படி நல்ல தட்பவெப்பம், தித்திக்கும் திராட்சை, நீல நிறக் கண்ணாடிப் பாத்திரங்கள், பட்டு, பாரசீகக் கவிதை. மற்ற ஆப்கானிய நகரங்களைவிடத் தம் நகரம் நாகரிகத்தில் ஒருபடி மேல் என்பதில் ஹெராத்தியருக்குச் சிறிதும் ஐயமில்லை. நம் தஞ்சையாரும் மதுரையாரும் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

2012-ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் அங்கே சில நாள் தங்கியிருந்தேன். குருமடத்தில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் அகதிகள் பணியில் அங்கிருந்தார். இத்தாலியப் படையினர் காவல் இருந்த காலம் அது. மாலை ஆறு மணிக்குமேல் வெளியே செல்லக்கூடாது. ஒரே பாதையில் இருமுறை போகக்கூடாது. இப்படிப் பல கட்டுப்பாடுகள். ஆயினும் பார்த்தவை பல. அவற்றுள் இன்றைக்கும் நெஞ்சை விட்டு அகலாதவற்றையும், அதன்பின் அந்நகரத்துப் பெண்களுக்கு நேர்ந்ததையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டுமென்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் என்னை அழைத்துச் சென்ற இடம் முசல்லா. நகரின் வடபுறத்தில் ஐந்து உயர்ந்த கோபுரங்கள் தனித்தனியே நிற்கின்றன. சில சாய்ந்தும் நிற்கின்றன. அவற்றினிடையே, பள்ளம் பள்ளமாக வரியோடிய நீலக் குவிமாடத்துடன் ஒரு கல்லறை மண்டபம். அதனுள் துயில்பவள் கவுஹர் ஷாத் என்னும் அரசி. உலகை நடுங்க வைத்த தைமூரின் மருமகள்; அவன் மகன் ஷா ருக்கின் மனைவி. மாமனார் நகரங்களை இடித்துப் பெயர் பெற்றார். மருமகளோ கட்டிப் பெயர் பெற்றாள். ஈரானிலுள்ள மஷ்ஹத் நகரில் அவள் எழுப்பிய பள்ளிவாசல் 1418-இல் நிறைவெய்தியது. அதே காலத்தில் ஹெராத்தில் தொழுகையிடமும் கல்விக்கூடமும் அடங்கிய பெரும் வளாகம் ஒன்றைத் தொடங்கி இருபது ஆண்டுகள் கட்டினாள். கணவன் மறைந்த பின்னரும் அரசியலில் அவள் சொல் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதுவே வினையாயிற்று. 1457-இல், எண்பது வயதை நெருங்கிய முதுமையில், நகரைப் பிடித்த அபூ சையித் என்பவனின் ஆணையால் கொல்லப்பட்டாள்.

அவள் கட்டியவற்றில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சொற்பம். காலம் மட்டும் இதற்குக் காரணமன்று. 1885-இல் ரஷ்யப் படை வரக்கூடும் என்னும் அச்சத்தில், எதிரி ஒளிந்துகொள்ள இடமிருக்கலாகாது என்று, ஆங்கிலேய அதிகாரிகளின் ஆலோசனைப்படி அவ்வளாகம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ரஷ்யர் வரவேயில்லை. அப்போது தப்பியவை ஒன்பது கோபுரங்கள். நிலநடுக்கத்திலும் பிற்காலப் போரிலும் நான்கு போயின. நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள், ஒரு பெண் கட்டிய கல்லூரிக்கு வெடி வைத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆப்கானியப் பெண்களின் துன்பம் பற்றிப் பேசும்போது, வெளியார் அனைவரும் நல்லவர், உள்ளூரார் அனைவரும் கொடியவர் என்னும் எளிய கணக்கு உதவாது.

பெண்கல்வி அந்நாட்டிற்கு நேற்று வந்த இறக்குமதிச் சரக்கும் அன்று. 1921-இல் காபூலில் முதல் பெண்கள் பள்ளியைத் திறந்தவர் அரசி சுரையா. 1929-இல் கலகத்தால் முடியிழந்து அவரும் அரசர் அமானுல்லாவும் நாடு துறந்து வந்தபோது, பம்பாயில் பிறந்த மகளுக்கு ‘இந்தியா’ என்றே பெயரிட்டனர்! 1964-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அடுத்த ஆண்டே பெண்ணொருவர் சுகாதார அமைச்சரானார். பின்னர் வந்த படையெடுப்பும் உள்நாட்டுப் போரும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயின.

1995 செப்டம்பரில் ஹெராத் தாலிபான்கள் வசமாயிற்று. பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் தையல் கற்பதற்குத் தடையில்லை. இங்கேதான் ஹெராத்துப் பெண்களின் சாதுரியம் வெளிப்பட்டது. ‘தங்க ஊசி’ என்னும் பெயரில் ஒரு தையல் வகுப்பு தொடங்கப்பெற்றது. வாரத்தில் சில நாட்கள், உடல் முழுதும் மூடிய பெண்கள் கையில் பையுடன் ஒரு வீட்டிற்குச் செல்வார்கள். பையின் மேற்புறம் துணியும் கத்தரிக்கோலும் இருக்கும். அடியில் ஏடும் பேனாவும் இருக்கும். உள்ளே ஹெராத் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முகம்மது அலி ரஹ்யாப் இலக்கியம் கற்பிப்பார். வெளியே குழந்தைகள் விளையாடுவார்கள். அவ்விளையாட்டும் ஒரு காவலே. மார்க்கக் காவலர் தெருவில் தலைகாட்டினால் குழந்தை உள்ளே ஓடிச் சொல்லும், ஏடுகள் மறையும், ஊசிகள் வெளிவரும். பிடிபட்டால் கசையடியும் சிறையுமே கிடைத்திருக்கும். துணிந்து வந்தார்கள்.

அவ்வகுப்பில் பயின்றவருள் ஒருவர் நாதியா அஞ்சுமன். 2001-இல் அந்த ஆட்சி வீழ்ந்த பின்னர் ஹெராத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2005-இல் அவருடைய முதல் கவிதை நூல் வெளிவந்து நாடெங்கும் புகழ் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், வீட்டில் கணவன் அடித்ததன் விளைவாக இறந்தார். வயது 24, கையில் கைக்குழந்தை. அடித்ததை ஒப்புக்கொண்ட கணவன் கொன்றதை மறுத்தான். சில காலத்திலேயே விடுதலையும் பெற்றான். இது நடந்தபோது தாலிபான் ஆட்சி இல்லை. மேனாட்டுப் படைகள் நாடெங்கும் நின்றிருந்தன. ஆணும் பெண்ணும் சமம் என்னும் 2004-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும் நடைமுறையில் இருந்தது. ஆட்சி மாறுவதால் மட்டும் வீட்டின் உள்ளறை மாறிவிடுவதில்லை. ஹெராத் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று அக்காலத்தில் தொடங்கப்பெற்றது. அதற்கு வந்தவருள் இளம் மனைவியர் பலர், தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள். அப்பிரிவின் வாயில்வரை சென்றேன். ஆடவன் என்பதால் உள்ளே அனுமதியில்லை. அது முறையே.

இந்த ‘ஆடவன் என்பதால்’ என்னும் சொற்றொடரைச் சற்று விளக்க வேண்டும். ஹெராத்திலிருந்து சற்றுத் தொலைவில், ஈரானிலிருந்து திரும்பிய அகதிக் குடும்பங்கள் குடியேறிய சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மண்வீடுகள், மண்மதில்கள், மரமில்லாத வெளி. குங்குமப்பூ அறுவடைக் காலம் அது. கதிரவன் எழுமுன் ஊதா நிறப் பூக்களைக் கொய்து கூடையில் கொண்டுவந்து, பூவுக்கு மூன்றே மூன்றாக உள்ள செந்நிற இழைகளைப் பெண்கள் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிலோ குங்குமப்பூ பெற ஒன்றரை இலட்சம் பூக்கள் வரை வேண்டுமாம். பிரசவ காலத்தில் பாலில் கலந்து தரும் அந்த இழை யார் விரலிலிருந்து வருகிறதென்று நம் தாய்மார் எண்ணிப் பார்த்ததுண்டோ?

வீட்டுத் தலைவர் எங்களை முன்னறையில் அமர்த்தித் தேநீர் தந்தார். குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு நோய், எந்தக் குழந்தை பள்ளி செல்கிறது என்று நண்பர் கேட்டார். எல்லாம் நலமே என்றார் அவர். எங்களுடன் வந்திருந்த உள்ளூர் ஆசிரியை மட்டும் திரையை விலக்கி உட்புறம் சென்றார். அரைமணி கழித்துத் திரும்பிய அவர் சொன்ன விவரம் முற்றிலும் வேறு. மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி, கால்கள் வீங்கியிருந்தன. கைம்பெண்ணான ஒரு சகோதரியும் மூன்று பிள்ளைகளும் அவ்வீட்டில் ஒண்டியிருந்தனர். ஆண்கள் சொன்ன கணக்கில் அவர்கள் இல்லை. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியை நிறுத்தியிருந்தாள். திரைக்கு இப்புறம் இருந்த எங்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கினாலும் தெரிந்திராது. அவ்வூர் வழக்கில் பெண்ணிடம் சென்று சேரப் பெண்ணால்தான் முடியும். அவ்வாசிரியை அன்று மாலையே மருத்துவச்சி ஒருவரை அனுப்பி வைத்தார்.

அத்தகைய சிற்றூர்களுள் ஒன்று சொஹாதத். நம் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமார் கடத்தப்பட்டது அங்கேதான். தமிழ்நாட்டு முகாம்களில் ஈழத் தமிழ் அகதிகளுக்குப் பணியாற்றியவர். 2011-இல் ஆப்கானிஸ்தானம் சென்றார். 2014 ஜூன் 2-ஆம் நாள், திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பார்வையிட்டு வெளியே வந்தவரை ஆயுதம் தாங்கியோர் கொண்டு சென்றனர். எட்டு மாதங்களுக்குமேல் சிறையிருந்து, 2015 பிப்ரவரி 22-இல் விடுதலையடைந்தார். நம் இல்லங்களில் அவருக்காகச் செபமாலை சொல்லப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்பள்ளியின் மாணவியர் பற்றி அன்று நம் செய்தித்தாள்கள் அதிகம் எழுதவில்லை.

2021 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஹெராத் மீண்டும் தாலிபான்களிடம் வீழ்ந்தது. மூன்று நாளில் காபூலும் வீழ்ந்தது. காபூலில் ஊனமுற்ற குழந்தைகளைப் பேணிய அன்னை தெரேசாவின் கன்னியர், தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாத இறுதியில் உரோமை சென்று சேர்ந்தனர்.

அதன்பின் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளிகள் சிறுவருக்கு மட்டும் திறந்தன. 2022 மார்ச் 23-இல் பெண்களுக்கும் திறக்கப்படும் என்று அறிவித்தார்கள்; சிறுமியர் சீருடையணிந்து வந்து வகுப்பில் அமர்ந்தும் விட்டனர்; அன்று காலையே திருப்பி அனுப்பினார்கள். கண்ணெதிரே உணவு வைத்துப் பறிப்பதைப் போன்ற செயல். அவ்வாண்டு டிசம்பர் 20-இல் பல்கலைக்கழகக் கதவும் மூடியது. பூங்காவுக்குச் செல்லலாகாது, நெருங்கிய ஆண் உறவினர் துணையின்றி 72 கிலோமீட்டருக்கு அப்பால் பயணம் செய்யலாகாது, 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சட்டத்தின்படி பெண்ணின் குரலும் பொதுவிடத்தில் மறைக்கப்பட வேண்டியது. 2025-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் தந்த கணக்கின்படி, மேல்நிலைக் கல்வி மறுக்கப்பட்ட சிறுமியர் 22 இலட்சம் பேர்.

நான் அதிகம் அஞ்சியது 2022 டிசம்பர் 24-ஆம் நாள் ஆணையைக் கேட்டபோதுதான். தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணிபுரியலாகாது என்றது அது. 2023 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் ஊழியரான ஆப்கானியப் பெண்களுக்கும் அது விரிந்தது. கல்வித் தடையின் கேடு நாளை தெரியும். இத்தடையின் கேடு அன்றைக்கே தெரியும். திரைக்கு உட்புறம் செல்ல ஆளில்லை. கோதுமை மூட்டை வரும். வீட்டுத் தலைவர் பெயரில் பதிவாகும். கைம்பெண்ணும் அவள் பிள்ளைகளும் எந்தப் பட்டியலில் ஏறுவார்கள்? மருத்துவத் துறையில் சில விலக்குகள் தரப்பட்டன என்பது உண்மை. ஆனால் 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சிக்கும் பெண்கள் செல்லலாகாதென்று தடுத்தார்கள். பெண்ணுக்கு ஆண் மருத்துவர் பிரசவம் பார்த்தலும் தகாது. பெண்ணை மருத்துவச்சியாக்கவும் கூடாது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எஞ்சுவது மரணம் தவிர வேறென்ன? உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020-இலேயே அங்கே ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 620 தாய்மார் இறந்துகொண்டிருந்தனர்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை, முற்பகல். ஹெராத்துக்கு மேற்கேயுள்ள ஸிந்தா ஜான் வட்டாரத்தில் நிலம் நடுங்கியது. அளவு 6.3. அதே அளவில் 11-ஆம் நாளும் 15-ஆம் நாளும் மீண்டும் நடுங்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் பெண்களும் குழந்தைகளும் என்று ஐக்கிய நாடுகள் அறிவித்தபோது உலகம் திகைத்தது. அவ்வீடுகளுள் அமர்ந்து தேநீர் அருந்தியவர்களுக்குத் திகைக்க ஒன்றுமில்லை. ஆடவர் வயலில் இருந்தனர், ஆட்டு மந்தையுடன் இருந்தனர், பலர் கூலிக்காக ஈரானில் இருந்தனர். பெண்கள் வீட்டினுள் இருந்தனர். கூரையும் மண், சுவரும் மண். சரிந்தால் மூச்சுவிட இடுக்குக்கூடக் கிடைப்பதில்லை. பிழைத்தவரைப் பேணவும் பெண் ஊழியர் போதவில்லை. கூடாரத்தில் கிடந்த தாயிடம் அவளுக்கு வேண்டிய துணிமணி, மருந்து முதலானவற்றை எந்த ஆடவன் கேட்பான்? அவள்தான் எப்படிச் சொல்லுவாள்? 2025 ஆகஸ்டு 31-இல் கிழக்கே குனார் மாகாணத்தில் நிலம் நடுங்கி 2,200 பேருக்குமேல் இறந்தபோதும் இதே கதைதான். அந்நியப் பெண்ணைத் தொடலாகாதென்னும் தயக்கத்தால் இடிபாட்டிலிருந்து பெண்கள் தாமதமாக மீட்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

ஹெராத்துக்கு மேற்கே இஸ்லாம் கலா என்னும் எல்லைச் சாவடி உள்ளது. 2025-இல் ஈரான் திருப்பியனுப்பிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியரில் பெரும்பாலோர் இவ்வழியே வந்தனர். அவர்களில் ஈரானிலேயே பிறந்து, பள்ளி சென்று, பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சிறுமியரும் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டிய நொடியில் அவர்கள் படிப்பு முடிந்தது. கணவனோ தந்தையோ உடன் இல்லாத பெண், அங்கிருந்து சொந்த ஊர் செல்லும் வண்டியில் ஏறுவதற்கும் துணை தேட வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் அலுவலகங்களுக்குள் பெண் ஊழியர் நுழைவதையும் காவலர் தடுத்தனர். நவம்பரில், முழுமுகத்திரை அணியாத பெண்களுக்கு ஹெராத் அரசு மருத்துவமனையில் அனுமதி மறுக்கப்படுவதாக ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் கூறினர். ஆட்சியினர் அதை மறுத்தனர்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அவர்கள் சமயமே அப்படித்தானே!” என்று நம்மவர் யாரேனும் சொல்வதாயின், அவர்களுக்கு ஒரு சொல். எகிப்திலுள்ள அல் அஸ்ஹர், இஸ்லாமியக் கல்வியில் தலைசிறந்த பீடம். பல்கலைக்கழகத் தடை வந்த உடனே அதன் தலைமை இமாம் அகமது அல் தையிப், அது மார்க்கச் சட்டத்துக்கே முரணானது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். தாலிபான் அரசின் வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த ஸ்தானிக்சாயியே 2025 ஜனவரியில் இத்தடைக்கு நியாயமில்லை என்று மேடையில் பேசினார்; விரைவில் நாட்டை விட்டு வெளியேறினார். தங்க ஊசி வகுப்பை நடத்தியவரும் முசுலிம். முசல்லாவைக் கட்டியவளும் முசுலிம். பக்கத்து வீட்டுப் பாத்திமாவைச் சாடுவதற்கு ஹெராத்துப் பெண்ணின் கண்ணீரைக் கடன் வாங்குவோர் அப்பெண்ணுக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை.

2025 ஜூலை 8-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், பெண்களைத் துன்புறுத்திய குற்றத்துக்காகத் தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதாவையும் தலைமை நீதிபதியையும் கைது செய்யப் பிடியாணை பிறப்பித்தது. பிடிப்பவர் யார் என்பது வேறு கேள்வி. அதே 2025-இல் அமெரிக்கா முதலிய நாடுகள் உதவியைக் குறைத்ததால் நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. ஒரு கையால் பிடியாணை, மறு கையால் மருந்தை நிறுத்துதல்! ஆட்சியைத் தண்டிக்க உதவியை நிறுத்துவோம் என்பவர்களின் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் பட்டினி முதலில் சென்று தட்டுவது ஆட்சியாளரின் கதவை அன்று. வீட்டில் ரொட்டி குறைந்தால் கடைசியில் உண்பவள் மருமகள். இன்னும் குறைந்தால் மணம் முடித்து அனுப்பப்படுபவள் பதின்மூன்று வயது மகள். ஆகவே உதவி செல்ல வேண்டும். அதைக் கொண்டு செல்வோரில் பெண்கள் இருந்தேயாக வேண்டும் என்று கொடுப்பவர்கள் அசையாது நிற்கவும் வேண்டும். இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. ஹெராத் மாகாணத்தில் ஹரி ரூத் ஆற்றின் குறுக்கே நாம் கட்டிக் கொடுத்த அணை 2016-இல் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி தில்லி வந்தபோது, முதல் செய்தியாளர் கூட்டத்தில் பெண்கள் இல்லை. எதிர்ப்பு எழுந்தது, இரண்டு நாளில் மற்றொரு கூட்டம் கூட்டினார், முன்வரிசையில் பெண்கள் அமர்ந்து கேள்வி கேட்டனர். கேட்டால் கொஞ்சம் நகர்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஹெராத்தில் இப்போது கைப்பேசி வழியாகப் பாடம் நடக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் இரண்டு நாள் நாடெங்கும் இணையத்தை நிறுத்தியபோது அதுவும் நின்று பின் தொடர்ந்தது. சில வீடுகளில் மீண்டும் தையல் வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே தையல் மட்டும்தானா நடைபெறுகிறது என்று நானும் எழுதப் போவதில்லை. அரசு பள்ளிகளில் பெண் குழந்தைகளுக்கு ஆறாம் வகுப்பே இறுதி வகுப்பு. அதனால் ஆண்டுத் தேர்வில் வேண்டுமென்றே தவறான விடை எழுதித் தோற்று, மறு ஆண்டும் அதே ஆறாம் வகுப்பு விசிப்பலகையில் வந்து அமரும் சிறுமியர் அந்நாட்டில் இருக்கிறார்கள்.